போனில் கொக்கரித்தது யார்?

"ஏனுங்க, போனை மதர்கிட்ட கொண்டு போங்க. அவ சத்தத்தக் கேக்கோணும்."

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து ஜெஸிந்தா இப்படிக் கேட்டதும், மலையூரான ஜெகதளாவின் அந்தக் குளிரிலும் செலஸ்டினுக்குக் குப்பென்று வியர்த்தது.

விடிந்தால் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மகள் ஸ்டெபி துணைக்கு இருக்கிறாள். செலஸ்டினையும் வரச் சொல்லி மகள் கூப்பிட்டாள்தான். ஜெஸிந்தா விடவில்லை. "நீங்க வந்தா என் கோழிகளை யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டாள். அத்தனையும் சுத்தமான சிறுவிடை நாட்டுக்கோழி. அவற்றின் தலைவி மதர். கறுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம், கான்வென்ட் மதர் போலவே ஒரு நடை. குஞ்சாக இருந்தபோது நோஞ்சான். ஜெஸிந்தா அதைத் தன் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய், உடம்புச் சூட்டிலேயே பிழைக்க வைத்தாள்.

அந்த மதர் இப்போது அடுப்பு மூலையில், சிறகைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக் கிடந்தது. கொண்டை வெளிறிவிட்டது. கையில் தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தியது.

'ஆபரேஷனுக்குப் போறவகிட்ட இதைச் சொல்றதா?'

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் புள்ள. இதோ, பக்கத்துலயே நிக்குது."

லாரி ஓட்டிக் காய்ந்த தன் தொண்டையைச் செலஸ்டின் கனைத்துக்கொண்டார். போனைச் சற்றே தள்ளிப் பிடித்தார். "கொக்... கொக்... கொக்கொக்... கொக்கேக்!"

மறுமுனையில் சத்தமே இல்லை. செலஸ்டினின் இதயம் நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.

"சரிங்க," என்றாள் ஜெஸிந்தா. "நல்லாருக்கா. நீங்க சாப்ட்டுத் தூங்குங்க."

மறுநாள், ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ஸ்டெபி சொல்லிவிட்டாள். ஆனால் மதர்?

எச்சத்தில் வெள்ளை வெள்ளையாய் நூல் போல நெளிந்ததை ஏற்கெனவே பார்த்திருந்தார். குடற்புழு. கால்நடை டாக்டரம்மா ஜீவிதா, தண்ணீரில் கலக்கும் மருந்து கொடுத்திருந்தார். "ராத்திரி தண்ணி வெக்காதீங்க. காலைல தாகத்தோட வர்றப்ப மருந்துத் தண்ணிய மட்டும் வைங்க."

அப்படியே செய்தார். சாயங்காலம் பார்த்தால் சட்டியில் வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. அடுத்த தடவையும் அதே கதை. தாகத்தோடு போன கோழிகள் தாகமில்லாமல் திரும்பி வந்தன.

யாரோ தண்ணீர் வைக்கிறார்கள். யார்?

சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டு ஆறுக்குட்டி மேல் பாய்ந்தது. "ஏய்யா, என் கோழிக்கு நீயா தண்ணி வெக்கற?"

ஆறுக்குட்டி பல் விளக்குவதை நிறுத்தினார். "எங்கூட்டுக் குழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சுன்னு தெரியுமா? நானே ஒரு சொம்புலதான் மூஞ்சி கழுவறேன். இதுல உன் கோழிக்கு விருந்து வேறயா?"

வேறு வழியில்லை. விடிந்ததும் செலஸ்டின் கொட்டகையைத் திறந்துவிட்டு, குளிருக்கு ஜெஸிந்தாவின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து உட்கார்ந்தார். மூடுபனி முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. கோழிகள் வரிசையாக வந்தன. மருந்துச் சட்டியை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டிப் போயின. பக்கத்துப் பாத்தியில், முட்டைக்கோஸ் இலையில் முத்து முத்தாய் நின்ற பனித்துளியை ஒன்று கொத்தியது. கழுத்தை அண்ணாந்து விழுங்கியது. அடுத்த இலை. அடுத்த துளி. ஊர் முழுக்கப் பனி தண்ணீர்ப்பந்தல் வைத்திருக்க, கசக்கும் சட்டியை எவள் சீண்டுவாள்?

குற்றவாளி அகப்பட்டது. ஆனால் பனியை எந்த ஸ்டேஷனில் பிடித்துக் கொடுப்பது?

அரிசி உடைசலைக் காட்டி அத்தனையையும் கொட்டகைக்குள் திருப்பி, கதவைச் சாத்தி, சட்டியை உள்ளே வைத்தார். உள்ளே கால் வைத்ததும் இன்னொன்றும் புரிந்தது. தரையில் போட்ட மரத்தூள் நசநசவென்று ஈரம். ஜெஸிந்தா இருந்தால் வாரி எறிந்து காய்ந்த தூள் போட்டிருப்பாள். அவர் தீனி போட்டதோடு சரி. ஈரத்தில்தானே புழு முட்டை செழிக்கும்?

'என் சோம்பேறித்தனம்தான் மதரைத் தின்னுருக்கு.'

மண்வெட்டியை எடுத்தார். பழைய தூளை எல்லாம் வழித்து, வெகுதூரத்தில் குழி தோண்டி மூடினார். சாம்பல் தூவி, புதுத் தூள் பரப்பி நிமிர்ந்தபோது மருந்துச் சட்டி காலி.

மதர் மட்டும் குடிக்கவில்லை. குடிக்கத் தெம்பில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஊசி இல்லாத சிரிஞ்ச்ல, நான் சொல்ற அளவுக்கு எடுத்துக்குங்க. அலகோட ஓரத்துல சொட்டுச் சொட்டா விடுங்க. அவசரப்பட்டு ஊத்துனா மூச்சுக்குழாய்க்குப் போயிரும். முழுங்க முழுங்கத்தான் அடுத்த சொட்டு."

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் லாரியை ஒற்றைக் கையால் ஒடித்த ஆள். இப்போது ஒரு சின்ன சிரிஞ்சை இரண்டு கையாலும் பிடித்தார். மதர் பயந்து திமிறியது. செலஸ்டின் அதை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். ஸ்வெட்டரில் ஜெஸிந்தாவின் வாசனை: அடுப்புப் புகையும் தேங்காய் எண்ணெயும் பச்சைத் தேயிலையும். மதர் மெல்லத் திமிறலை விட்டது. குஞ்சாய் இருந்தபோதே தெரிந்த இடம் அல்லவா?

ஒரு சொட்டு. விழுங்கியது. இன்னொரு சொட்டு.

"குடி சாமி," என்றார். "அவ வர்றதுக்குள்ள எந்திரிச்சிரு. அப்புறம் என்னைக் கொத்தோணும்னாலும் கொத்திக்க."

புழுக்கள் விழுந்தன. கஞ்சியில் பிசைந்த தவிடும், நறுக்கிய கீரையும் மதர் தின்னப் பழகியது. ஒரு காலையில் தானாக எழுந்து அவர் புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. வலித்தது. செலஸ்டின் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெஸிந்தா வந்தாள். ஸ்டெபி கையைப் பிடித்துக்கொள்ள, வயிற்றை ஒரு கையால் தாங்கி, வாசலில் போட்ட நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். மதர் கோஸ் பாத்தியிலிருந்து நிமிர்ந்து பார்த்தது. ஓடி வந்து, அவள் பாதத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எளச்சுட்டாளே..."

"நீயுந்தான் புள்ள."

அவள் கோழியின் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். கொண்டையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அன்னிக்குப் போன்ல கொக்கரிச்சது யாருங்க?"

"மதர்தான்! வேற யாரு?"

"முட்டை போட்டாத்தான் அவ அப்படிக் கத்துவா. அந்த முட்டை எங்க?"

செலஸ்டின் வானத்தைப் பார்த்தார். ஸ்டெபி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்கு முடியலன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க," என்றாள் ஜெஸிந்தா. "ஆனா, எனக்காகக் கோழியாட்டம் கத்தற மனுஷன் எங்கோழியச் சாக விடமாட்டாருன்னும் தெரிஞ்சுது. அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

செலஸ்டின் குனிந்து மதரின் முதுகைத் தடவினார்.

"இன்னொருக்கா கத்துங்க."

"சும்மா இரு புள்ள. ஆறுக்குட்டி பாக்கறான்."

"பாக்கட்டும். கத்துங்க."

கனைத்துக்கொண்டு செலஸ்டின் கொக்கரித்தார். மதர் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவரை மேலும் கீழும் அளந்தது. ஜெஸிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க, போதுங்க! சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது!"