தோன்றா எழுவாய்

குழாய் முதலில் காற்றைத்தான் விடுகிறது, ஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, பிறகு தொண்டையைச் செருமுவதுபோல் ஓரிரு இருமல், பிறகு துரு நிறத்தில் ஒரு வாய்த் தண்ணீர், அதைக் கையால் தள்ளிவிட்டுக் குடத்தை நேராக வைக்கிறாள் ஆவுடை, வருதுக்கா, நீ காப்பிய இறக்கு, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது என்கிறாள், நான் உள்ளே போகிறேன், அன்று அவளுக்குப் பாளையங்கோட்டையில் வாய்மொழித் தேர்வு, எம்.ஏ. பொது நிர்வாகத்தின் கடைசித் தேர்வு, அதற்கென்று தேய்த்து வைத்த ஊதாப் புடவை நாற்காலியின் முதுகில் கிடக்கிறது, நான் காப்பியை ஆற்றுகிறேன், இன்னும் விடியவில்லை, வரிசை சேரவில்லை, வாசலை ஒட்டிய தெருக்குழாயில் குடம் நிரம்பும் ஓசை மேலேறி மேலேறி வந்து, நிரம்பி, வழிகிறது, வழிந்துகொண்டே இருக்கிறது, என் தங்கை ஒருநாளும் குடத்தை வழியவிட்டதில்லை, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் உதவியாளராக இருப்பவள், ஒரு கை தண்ணீர் மண்ணில் விழுந்தாலும் தன் மடியிலிருந்து எதுவோ விழுந்ததுபோல் பதறுகிறவள், வழிகிற அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

நரம்பு வெடித்துவிட்டது என்றார் டாக்டர், தலைக்குள்ளே, வலி தெரிந்திருக்காது என்றார், நரம்பு எழுவாய், வெடித்தது பயனிலை என்று எனக்குள் ஏதோ ஒன்று பிரித்துப் பார்த்தது, அந்த நேரத்திலும், அது அவள் எனக்கு ஒட்டவைத்த பழக்கம், எழுத்தை எங்கே கண்டாலும் அதில் செய்தவர் யார் என்று தேடுவது, பஸ்ஸில் ஏறினால் பயணச்சீட்டு இல்லாதவர் தண்டிக்கப்படுவர் என்பதைப் படித்துவிட்டு, யாரு தண்டிப்பா அக்கா, பேருக்கு ஒரு கண்டக்டரையாவது போட்டிருக்கலாம்லா என்பாள், முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், வீட்டிலும் அதே விளையாட்டுதான், சோறு வடிக்கப்பட்டதா என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள், வடிக்கப்பட்டது, குழம்பு பரிசீலனையில் உள்ளது என்பேன் நான், கிளை நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டு எண் எழுதிக்கொண்டிருந்தவள் நான், எங்கள் இருவருக்குமே கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை, அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்தக் கரிசல் ஊர் வீட்டில் நாங்கள் இருவர்தான், சிரிப்பதற்கு எங்களுக்கு அரசாங்கத் தமிழே போதுமாக இருந்தது.

எங்கே தொடங்கியது இது என்று பின்னால் நடந்துபோனால் முப்பிடாதியிடம் போய் நிற்கிறேன், தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற பெண், தெற்குத் தெருவில் குழாய் வறண்டு கிடக்கிறது என்று மனுக் கொடுத்திருக்கிறாள், பதில் போயிருக்கிறது, தங்கள் மனு பெறப்பட்டது, ஆவன செய்யப்படும், அதை யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் நகராட்சிக்கு வந்து, மேசை மேசையாக நின்று கேட்கிறாள், ஆவனன்னு ஒரு சார் செய்வாருன்னு போட்டிருக்காமே, அவுக எந்த சீட்டுல இருக்காக, பிரிவே சிரிக்கிறது, மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார், ஆவன சார் லீவும்மா, மெடிக்கல் லீவு என்கிறார் ஒருவர், நான் அங்கே இல்லை, ஆனால் ஆவுடை சொல்லிச் சொல்லி அந்த அறையின் மின்விசிறிச் சத்தம்கூட எனக்குக் கேட்கிறது, அவள் எழுந்து நிற்கிறாள், நாந்தான்க்கா ஆவன, வாங்க, சொல்லுங்க என்கிறாள். உச்சி வெயிலில் வால்வு திறக்கிற அந்தோணியையும் கூட்டிக்கொண்டு முப்பிடாதியோடு தெற்குத் தெருவுக்கு நடந்தாள், தெரு முழுக்கத் தேடியும் வால்வைக் காணோம், கடைசியில் அந்தோணி கடப்பாரையால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தார், புதுசாக ரோடு போட்டபோது வால்வுத் தொட்டியின் மூடி தாருக்கு அடியில் போயிருந்தது, மூடின யாருக்கும் அது தெரியாது, மூடப்பட்டுவிட்டது, அவ்வளவுதான், தாரை உடைத்து வால்வைத் திருப்பினார்கள், மறுநாள் ஆபீஸில் அவளுக்கு ஆவன ஆவுடை என்று பெயராகிவிட்டது, கேலியாகத்தான் வைத்தார்கள், அவள் அதைப் பட்டம்போல் வாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் வந்ததே, அதோடு விட்டிருக்கலாம், அவள் விடவில்லை, அந்த அக்கா கேட்டதுல என்னக்கா சிரிப்பு இருக்கு, சரியாத்தானே கேட்டா, செய்யப்படும்னா செய்யதுக்கு ஒரு ஆள் வேணும்லா, அந்த ஆளை ஏன் நாங்க எழுத மாட்டேங்கோம், எங்கன இருந்து வந்துச்சு இந்தப் பழக்கம், எனக்கு இதைப் படிக்கணும் என்றாள், நாற்பதைத் தாண்டிய பிறகு தொலைநிலைக் கல்வியில் பொது நிர்வாகத்துக்குச் சேர்ந்தாள், புரமோஷன் வருமா என்று மேலாளர் கேட்டாராம், வராது சார், அந்தப் பதவிக்கு இது கணக்கில் இல்லை என்றாளாம், பின்னே எதுக்கு, தெரிஞ்சிக்கிடத்தான் சார், அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தாராம், எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துவிடும், என் தங்கை, தெரிந்துகொள்வதற்காகப் படிக்கிறவள், ஒரு கிளை நூலகத்தில் இத்தனை காலம் உட்கார்ந்து அப்படி எத்தனை பேரை நான் பார்த்துவிட்டேன்.

படித்தது குழாயடியில்தான், எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, விடிந்ததும் குடங்கள் வரிசையில் நிற்கும், அவள் தன் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் பாடப் புத்தகத்தை வைத்துக்கொள்வாள், எதிர்வீட்டுச் சண்முகத்தாய், என்ன ஆவுடை, கலெக்டருக்கா படிக்கே, ஆனதும் முதல்ல இந்தக் குழாய மாத்து என்பாள், பதிலுக்கு ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிப்பாள் ஆவுடை, ஒரு மேலதிகாரியின் கீழ் எத்தனை பேர் இருந்தால் அவரால் நேரடியாகக் கவனிக்க முடியும், அதற்குக் கட்டுப்பாட்டு வீச்சு என்று பெயர், சண்முகத்தாய் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, எனக்குக் கீழ நாலு பேரு இருக்கானுவ, ஒருத்தனும் கட்டுப்பட மாட்டேங்கான், எம் மாமியாளச் சேத்தா வீச்சு எங்கிட்டுப் போகும் என்பாள், வரிசை முழுக்கச் சிரிப்பு, அந்தச் சிரிப்புக்கு நடுவில் குழாய் ஸ்ஸென்னும், வருது வருது என்று ஒரே நேரத்தில் எல்லாரும் சொல்வார்கள், புத்தகம் இடுப்புக்குப் போகும், இப்போதும் அவளுடைய பாடப் புத்தகங்களின் ஓரம் தண்ணீர் பட்டு உப்பியே இருக்கிறது, அப்பளம்போல.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வகுப்பு, துணைக்கு நானும் போவேன், வராந்தாவில் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிப்பதுபோல அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், ஆய்வேட்டுக்கு அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர் தேவசகாயம் சார், மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி, குடிநீர்ப் புகார்களுக்கு நகராட்சி எழுதும் பதில்களைப் பற்றி அவள் எழுதியிருந்ததைப் புரட்டிவிட்டு, என்னம்மா ஆவுடை, பக்கத்துக்குப் பக்கம் நான் போனேன், நான் பாத்தேன், நான் கேட்டேன், இது ஆய்வேடா, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த கதையா, ஆய்வாளரால் கண்டறியப்பட்டதுன்னு மாத்து என்றார், கண்டறிஞ்சது நாந்தானே சார் என்றாள் ஆவுடை, ஆராய்ச்சியில நீயும் கிடையாது, நானும் கிடையாது, அப்பம் தப்பா இருந்தா யாரை சார் பிடிக்க. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, உங்க ஊர்ல வால்வு திறக்கவர் பேரு என்ன என்று கேட்டார், அந்தோணி, சார் என்றாள், நாளைக்கு அந்தோணிக்குக் காய்ச்சல்னா, வேற ஆளு திறப்பாரு, அந்தோணி ரிட்டயர் ஆயிட்டா, வேற ஆளு வருவாரு, அப்ப உன் தெருவுக்குத் தண்ணி குடுக்கது அந்தோணியா, இல்ல அந்தோணி நிக்கிற அந்த இடமா, ஆளு போனாலும் தண்ணி வரணும்மா, அதுக்குத்தான் நிர்வாகம்னு ஒண்ணையே மனுஷன் உண்டாக்கினான், நான் இல்லாட்டி நடக்காதுன்னு இருந்தா அதுக்குப் பேரு ஜமீன். ஆவுடை தாள்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள், மாத்திட்டு வா, இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், அவள் சேர்ந்ததற்கான காலக்கெடு அந்தப் பருவத்தோடு முடிகிறது, அது தவறினால் படித்ததெல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து, அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், கயத்தாறு தாண்டும்போது, சார் சொன்னது சரிதான்க்கா என்றாள், ஏட்டி, அப்பம் மாத்திர வேண்டியதுதானே, பட்டம் பெருசா, நான்ங்கிற அந்தச் சொல்லு பெருசா என்றேன், அவள் வெளியே காற்றாலைகள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு, சரிதான், ஆனா பாதிதான் சரி, தண்ணி வந்தா யாரும் வேண்டாம், வரலன்னா ஒரு ஆளு ஆமான்னு வந்து நிக்கணும்லா என்றாள், எனக்குச் சொல்வதுபோல் இல்லை, ஜன்னலுக்குச் சொல்வதுபோல் இருந்தது. திரும்ப எழுதினாள், குழாயடியில், ஆபீஸ் இடைவேளையில், என் நூலகத்தின் கடைசி மேசையில், நான் என்ற சொல்லை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டாள், ஆனால் ஒரு இடத்திலும் பட்டது, படும் என்று எழுதவில்லை, அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாக்கியத்திலும் யாராவது அல்லது ஏதாவது எதையாவது செய்தது, முப்பிடாதி மனுக் கொடுத்தாள், பிரிவு பதில் அனுப்பியது, தார் வால்வை மூடியது, அந்தோணி தாரைத் தட்டினார், வாசித்தபோது எனக்குத் தெருவில் நடந்துபோவதுபோல் இருந்தது, ஒரு ஆய்வேட்டை வாசித்து எனக்குக் கண் கலங்கியது. சார் முழுதும் வாசித்துவிட்டு, ஒரு இடத்துல மட்டும் நான் தப்பி நிக்குதேம்மா என்றார், நான்தான் ஆவன என்று அவள் முப்பிடாதிக்குச் சொன்ன இடம், தப்பல சார், நிறுத்தியிருக்கேன் என்றாள் ஆவுடை, அவர் பேனாவைத் திறந்து, நீ பெரிய ஆளும்மா என்று கையெழுத்துப் போட்டார், அவர் விரலில் இருந்த சாக்குத் தூள் அந்தப் பக்கத்தில் ஒட்டியது, அதை அவள் துடைக்கவில்லை, ஊதி மட்டும் விட்டாள்.

ஆவுடை வரலியேம்மா என்று அன்று மதியம் சார் போனில் கேட்டது, ஆஸ்பத்திரி நடையில் நான் நின்றது, நான் என்ன சொன்னேன் என்பது, அதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது, பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த பிறகு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார், சாக்குக்கட்டி இல்லாத சட்டையில் அவர் வேறு யாரோபோல் இருந்தார், தேர்வுக்கு வராதவங்களுக்குப் பட்டம் குடுக்க விதியில இடம் இல்லம்மா, கேட்டுப் பாத்துட்டேன் என்றார், பிறகு காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவ பேருக்கு நேரா வரவில்லைன்னு போடணும், நான்தாம்மா போட்டேன், வேற யாரையும் போட விடல, நான்தான் எழுதினேன் என்றார், அந்த நான் என்ற சொல் அவர் வாயில் எவ்வளவு கனமாக இருந்தது என்று ஆவுடை கேட்டிருக்க வேண்டும். போகும்போது வாசலில் நின்று, வெளியூர்லருந்து வந்த பரிசோதகரம்மா ஒரே ஒரு கேள்விதான் வச்சிருந்தாங்க என்றார், ஆய்வேடு முழுக்க எழுவாய் எங்கே எழுவாய் எங்கேன்னு கேட்டவ, முடிக்கும்போது மட்டும் ஏன் எழுவாயை விட்டுட்டா, அதுக்கு உங்க தங்கச்சி என்ன சொல்லியிருப்பான்னு நானும் யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல. அவள் முடித்திருந்தது இப்படி, தண்ணீர் வராவிட்டால் பதில் சொல்பவரின் பெயர் மக்களுக்குத் தெரிய வேண்டும், வந்துவிட்டால் யார் பெயரும் வேண்டாம், பிறகு தனியாக ஒற்றைச் சொல்லில் ஒரு வாக்கியம், வருகிறது.

கனவில் அந்தத் தேர்வு எங்கள் தெருவில் நடக்கிறது, பரிசோதகரம்மா கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார், தேவசகாயம் சார் வரிசையில் சண்முகத்தாய்க்குப் பின்னால் குடத்தோடு நிற்கிறார், முப்பிடாதி தீப்பெட்டி மருந்து ஒட்டிய விரல்களோடு முன்னால் வந்து, இவுகதான் ஆவன என்று எல்லாருக்கும் காட்டுகிறாள், ஆவுடை ஊதாப் புடவையில் நிற்கிறாள், எழுவாய் எங்கே என்று கேட்கிறார்கள், எழுவாய், எழுவாய் என்று நானும் கூப்பிடுகிறேன், ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திரு எழுந்திரு என்று கூப்பிட்டதுபோல, அவள் பதில் சொல்லாமல் தலையைச் சாய்த்து எதையோ கவனிக்கிறாள், வாய் திறக்கப் போகிறாள், அங்கே விழித்துக்கொள்கிறேன்.

விடிந்திருக்கிறது, தண்ணீர் நாள், குடத்தோடு வாசலுக்கு வருகிறேன், அந்தோணி ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது திறக்கிற பையனின் பெயர் எனக்குத் தெரியாது, குடிநீர்ப் பிரிவில் ஆவுடையின் நாற்காலியில் வேறு ஒரு பெண் இருக்கிறாள், நல்ல பெண், வரிசை நிற்கிறது, சண்முகத்தாய் என் பக்கம் திரும்பி, இன்னைக்கு உண்டுமா யக்கா என்கிறாள், நான் தலையைச் சாய்த்துக் கவனிக்கிறேன், கனவில் அவள் சாய்த்த அதே சாய்ப்பு, பூமிக்குள்ளே தூரத்தில் எங்கோ ஒன்று கிளம்பிவிட்டது, வருது என்கிறேன், எது என்று யாரும் கேட்கவில்லை, குடங்கள் நிமிர்கின்றன, பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருமே படித்ததுதான், தோன்றா எழுவாய், சொல்ல வேண்டாத அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் வெளியே வராமல் நிற்பது, பரிசோதகரம்மாவின் கேள்விக்கு அதைத்தான் சொல்லியிருப்பாய், இல்லையா, ஏட்டி ஆவுடை, ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு ஊதாப் புடவையில் படியிறங்கி வந்திருப்பாய், என் குடத்தைக் குழாய்க்கு நேராக வைக்கிறேன், கையை நீட்டிக் காத்திருக்கிறேன், குழாய் முதலில் காற்றைத்தான் விடுகிறது.