மாடி ஏறாத பையக்கா

பையக்கா வாரம் தவறாமல் கீழ்வீட்டுக்கு வருகிறாள், மாடிக்கு மட்டும் ஏறுவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் மூண்ட சண்டைக்கு மூலகாரணம் இவ்வளவுதான். சொத்துத் தகராறு என்று தெருவில் சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. எங்கள் சமையலறை ஜன்னல் அந்த வீட்டு மாடிப்படியைப் பார்த்து இருக்கிறது. சாத்தினால் புகை போகாது, திறந்தால் பேச்சு உள்ளே வரும். இதில் என் குற்றம் என்ன இருக்கிறது?

அண்ணன் தம்பி இருவரின் குடும்பமும் அந்த ஒரே வீட்டில். மாடியில் மூத்தவள். தையல் மெஷின் வைத்துக்கொண்டு, நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, கிழிசலைத் தைப்பது என்று நாளெல்லாம் மிதித்துக்கொண்டிருப்பாள். கீழே அவள் ஓரகத்தி இளையவள். இருட்டு பிரிவதற்குள் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கக் கிளம்பி மதியம் திரும்புவாள். அதுவரை அவள் மகனையும் மூத்தவள்தான் பார்த்துக்கொள்வாள். புருஷன்மார் இருவரும் ஒரே சுமைவண்டியில் போய், ஒரே நேரத்தில் வந்து, ஒரே மாதிரி குறட்டை விடுகிறவர்கள். கதைக்கு அவர்கள் தேவையில்லை.

மூத்தவளின் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற திருகு வைக்க மறந்துபோன ரேடியோ. இளையவளின் மகன் அவளைவிட ஒன்பது மாதம் இளையவன். அவனுக்கு இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. யார் பேசினாலும் ஏற இறங்கப் பார்ப்பான், எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டுவான், தீர்ப்பு மட்டும் சொல்ல மாட்டான். அதனால் ஜட்ஜய்யா என்று நான் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஜட்ஜய்யாவுக்கு வக்கீல் ரேடியோதான். அவன் குடத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினால் போதும், "அம்மா, தம்பிக்குத் தண்ணி வேணுமாம்!" என்பாள். மூக்கைச் சுளித்தால், "சித்தி, இவனுக்கு இது பிடிக்கலையாம், வேற குடுக்கணுமாம், எனக்கும் குடுக்கணுமாம்!" என்பாள். அவன் கேட்காததையும் சேர்த்துக் கேட்டுத் தன் பங்கையும் எடுத்துக்கொள்வாள். வக்கீல் என்றால் சும்மாவா?

தெருமுனையில் குழந்தைகள் மையம் ஒன்று இருக்கிறது. எங்களைப் போல இழுத்துப் பிடித்து வாழ்கிற குடும்பங்களுக்காக நடத்துவது. தடுப்பூசி, எடை பார்ப்பது, பிள்ளைகளுக்குப் பால், காலையில் விளையாட்டு வகுப்பு எல்லாம் உண்டு. எந்தப் பிள்ளை வளர்ச்சியில் பின்தங்குகிறதோ அந்த வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் மையத்திலிருந்து ஆள் வரும். அப்படி வருகிறவள் தோளில் பெரிய துணிப்பை தொங்கும். அதற்குள் மரக்கட்டை, படஅட்டை, பந்து, முகம் பார்க்கும் கண்ணாடி. அதனால் அவள் பையக்கா. பிள்ளையோடு அவள் மட்டும் விளையாடிவிட்டுப் போவதில்லை. எப்படி விளையாட வேண்டும், எப்படிப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று தாயைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள்.

ஜட்ஜய்யாவுக்குப் பேச்சு வராததால் கீழ்வீட்டுக்கு அவள் வர ஆரம்பித்தாள். மூத்தவளுக்கு வயிறு எரியவும் ஆரம்பித்தது.

எரியாமல் என்ன செய்யும்? பையக்கா வருகிற நாளில் இளையவள் திரைச்சீலையைத் துவைத்து மாட்டுவாள். வாசலில் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு தெருவுக்கே கேட்கும். போதாததற்கு இளையவளுக்குப் புதுசாக ஒரு பேச்சுத் தோரணை வேறு வந்துவிட்டது.

"அக்கா, பிள்ளைங்ககிட்ட மேல நின்னுக்கிட்டு கத்தக் கூடாதாம். அவங்க உயரத்துக்குக் குனிஞ்சு, கண்ணைப் பார்த்துப் பேசணுமாம். பையக்கா சொன்னாங்க."

"அப்படியா? காலையிலேர்ந்து உன் பிள்ளைக்குக் குனிஞ்சு குனிஞ்சு சூ... கழுவி விட்டேனே, அப்ப கண்ணைப் பார்க்கலை. தப்புதான். நாளைக்குப் பார்க்கிறேன்," என்றாள் மூத்தவள்.

பையக்கா கீழே இருக்கிற அந்த ஒரு மணி நேரம் மாடியில் மெஷின் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, ஊருக்கே சீருடை தைக்கிற மாதிரி இருக்கும். ஊசியில் நூல் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஒருநாள் மூத்தவள் பொறுக்க முடியாமல் படியிலேயே பையக்காவை மடக்கிவிட்டாள்.

"எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வரலாமேம்மா. மாடின்னா கால் வலிக்குமோ?"

"ஐயோ, அப்படி இல்லைங்க. உங்க பொண்ணுக்கு நான் தேவையே இல்லை. போன வாரம் என் கையைப் பிடிச்சு நிறுத்தி, உங்க வீட்டுக்காரர் குறட்டை விடறதை நடிச்சே காட்டினா. எவ்வளவு நல்லாப் பேசறா!"

"அப்ப நல்லா வளர்த்தது என் தப்பு. ரெண்டு பிள்ளையையும் தூக்கிச் சுமக்கிறவ நானு. மடியில பை வச்சு விளையாட்டு சொல்லித்தர்றது அவளுக்கு. நல்ல நியாயம்மா!"

பையக்கா சிரித்துச் சமாளித்துவிட்டுப் போய்விட்டாள். மூத்தவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த பாத்திரத்தைத்தான்.

"பார்த்தீங்களாக்கா?" என்றாள் என்னிடம். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒருத்தர் என்னைத் தேடி அந்தப் படி ஏறினது இல்லை. துணியைக்கூட கீழ நின்னு தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க. ஒரு மணி நேரம் என் பக்கத்துல உட்கார்ந்து, நீ எப்படி இருக்கேன்னு கேட்க ஒரு நாதி இல்லை. அவளுக்கு ஆள் வருது!"

எனக்குக்கூட ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஆனால் அவள் கண்ணில் ஏதோ யோசனை ஓடுவதையும் பார்த்துவிட்டேன். பாவப்படுவதை நிறுத்திவிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன்.

வருஷப் பரிசோதனை நாள் வந்துகொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரையும் மையத்துக்கு வரவழைத்து எடை, உயரம், பல், காது, பேச்சு என்று பார்ப்பார்கள். படியில் உட்கார்ந்து புலம்பிய மறுநாளே மாடியில் பயிற்சி தொடங்கிவிட்டது. பூட்டு விளையாட்டு என்று பெயர். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறக்காவிட்டால் தையல் டப்பாவிலிருந்து கலர் பொத்தான் கிடைக்கும்.

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சும்மா! நான் பேசவே இல்லை பாரு! இப்பக்கூட பேசலை பாரு! எனக்கு அந்த நீலப் பொத்தான் வேணும், நான் பேசாம இருக்கேன்ல!"

முதலில் இந்த லட்சணம்தான். ஆனால் பொத்தான் ஆசை யாரை விட்டது? ரேடியோ மெல்ல மெல்ல மங்கி, மூன்று நாலு நாளில் நின்றேபோனது. எங்கள் வீட்டில் எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. ஜட்ஜய்யா பக்கத்திலேயே உட்கார்ந்து வக்கீலின் சட்டையைப் பிடித்து இழுத்தபடி என்னவோ முனகிக்கொண்டிருந்தான். "இவன் ஒருத்தன் நொய் நொய்னு!" என்று மூத்தவள் அவனை அதட்டியது கேட்டது. அதற்கு மேல் அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பரிசோதனை நாளில் மையத்தில் நானும் இருந்தேன். என் தங்கை மகளின் கைக்குழந்தைக்கு ஊசி போடவேண்டியிருந்தது. அவள் தானே போய்க்கொள்வேன் என்றாள். தனியாக விடலாமா?

நர்ஸம்மா குட்டி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் படஅட்டைகளோடு பையக்கா. ரேடியோவை நாற்காலியில் உட்காரவைத்தாள் மூத்தவள். அடுத்த முறை ஜட்ஜய்யாவுடையது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இளையவள் பின்னால் நின்றாள்.

பையக்கா பந்துப் படத்தைக் காட்டினாள். "செல்லம், இது என்ன?"

ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டது. கன்னம் இரண்டும் உப்பிப்போயின.

"இவளா பேசலை? படியில என்னை விடவே மாட்டாளே!" என்றாள் பையக்கா.

"அதெல்லாம் முன்னாடிங்க," என்றாள் மூத்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "இப்ப திடீர்னு நின்னுபோச்சு. ஒரு வாரமா ஒரு வார்த்தை இல்லை."

"அக்கா?" என்றாள் இளையவள், நிஜமாகவே பதறிப்போய். "வீம்புக்குப் பேசாம இருக்கான்னுல்ல நினைச்சேன். என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"உனக்கு எங்க நேரம்? உனக்குத்தான் ஆள் வருதே."

நர்ஸம்மா முகம் மாறிவிட்டது. "திடீர்னா? காய்ச்சல் வந்துச்சா? தலையில அடிபட்டுச்சா? வலிப்பு ஏதாவது?" என்று அடுக்கினாள். மூத்தவள் இதை எதிர்பார்க்கவில்லை. "இல்லை... சும்மா தானா நின்னுச்சு," என்றாள். நர்ஸம்மா பையக்காவைப் பார்த்தாள். "சரி, நாளைலேர்ந்தே இவங்க வீட்டுக்கும் போக ஆரம்பிச்சிடு. டாக்டர் வரும்போது நான் காட்டறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. பையக்கா மாடி ஏறப் போகிறாள். மூத்தவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, அதை அவள் அவசரமாகத் துக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பையக்கா விடவில்லை. மறுபடி படத்தைத் தூக்கிக் காட்டினாள். "கடைசியா ஒரு தடவை. இது என்னம்மா?"

ஜட்ஜய்யா படத்தைப் பார்த்தான். வக்கீலைப் பார்த்தான். வக்கீல் வாய் திறப்பதாக இல்லை. இடுப்பிலிருந்து நழுவி இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து உலுக்கினான். அப்போதும் சத்தமில்லை. இதென்ன அக்கிரமம் என்பதுபோல நர்ஸம்மாவை முறைத்துவிட்டு, மேஜையை ஓங்கித் தட்டினான்.

"பந்து!"

இளையவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பையக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் உன் உழைப்பும்மா! வேலைக்கும் போய்ட்டு வந்து, சொன்னதையெல்லாம் விடாம செஞ்சியே!"

"இந்த மாதிரி அம்மா கிடைக்கணும்," என்றாள் நர்ஸம்மா. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி இளையவளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஜட்ஜய்யா கைதட்டலை மெச்சிக்கொண்டு இன்னொரு முறை "பந்து" என்றான்.

நான் மூத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசாமல் இருந்தால் போதும். நாளைக்கு அவள் வீட்டுப் படியில் பை ஏறும். அவள் பக்கத்திலும் ஒருத்தி ஒரு மணி நேரம் உட்காருவாள். ஆனால் அங்கே தரையில் உட்கார்ந்து இளையவள் வாங்கிக்கொண்டிருந்த புகழ் அவளைக் குடைந்தது. முகம் சிவந்தது, கறுத்தது, மூக்கு விடைத்தது. ஒரு பக்கம் கிடைக்கப்போகிற விருந்தாளி, இன்னொரு பக்கம் இந்தக் கைதட்டல். எந்தப் பொறாமை ஜெயிக்கும் என்று நானே மனசுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டேன்.

"அவ ஒண்ணும் கிழிக்கலை!"

கைதட்டல் நின்றது.

"இவ உழைப்பாம்! காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் அவன் யார்கிட்ட கிடக்கிறான்? என் பொண்ணு ஒரு வாரமா வாயை மூடினா, அதனாலதான் அவன் வாயைத் திறந்தான்! தண்ணிக்கும் சோத்துக்கும் என் பொண்ணுதான் அவனுக்குப் பதிலாப் பேசுவா. அவ பேசாததால அவனே முனக ஆரம்பிச்சான். நான்தான் அதட்டினேன். இப்பத்தானே தெரியுது எனக்கே!"

"உங்க பொண்ணு ஏன் வாயை மூடினா?" என்று நிதானமாகக் கேட்டாள் பையக்கா.

மூத்தவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பூட்டு இப்போது அம்மாவுக்கு மாறிவிட்டது. பதில் சொன்னது ரேடியோ.

"அம்மா பொத்தான் குடுத்தாங்க! பேசலைன்னா பொத்தான்! அது பந்து, அது பூனை, அது வீடு, அது குடை, அது கிழிஞ்சிருக்கு! இந்த அக்கா எங்க வீட்டுக்கு வரணும்னா பேசக் கூடாதாம்!"

நர்ஸம்மா போட்ட போட்டை இங்கே எழுத வேண்டாம். "குழந்தை உடம்பை வச்சு விளையாடறதா? நான் பயந்தே போய்ட்டேன்!" என்பதில் ஆரம்பித்தது. மூத்தவள் தலை குனிந்து நின்றாள். இளையவள் எழுந்து, "விடுங்கம்மா, அக்கா பாவம்," என்றாள். அந்தப் பரிதாபம்தான் நர்ஸம்மாவின் திட்டைவிட மூத்தவளைச் சுட்டிருக்கும்.

பையக்கா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். "இவங்க சொல்றது சரிதான்," என்றாள் கடைசியில். "கீழ நான் போற நேரத்துல இந்தப் பொண்ணு மேல இருப்பா. அதனால எனக்கு இது கண்ணுல படவே இல்லை." பிறகு மூத்தவளிடம், "நான் உங்க வீட்டுக்கு வர வேண்டியதில்லை. ஆனா எனக்கு உங்க உதவி வேணும். தினம் காலையில கொஞ்ச நேரம் பொண்ணை இங்க விளையாட்டு வகுப்புல விட்டுடுங்க. அப்ப பையன் உங்ககூட தனியா இருக்கட்டும். அவன் எதையாவது கேட்டா உடனே குடுக்காதீங்க. வாயால கேட்கிற வரைக்கும் காத்திருங்க. உங்களாலதான் முடியும், அவங்கம்மா அப்ப வேலையில இருப்பாங்க," என்றாள்.

"ம்ம்," என்றாள் மூத்தவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு கொஞ்ச காலம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பையக்கா கீழே வந்தாள், சிரிப்புக் கேட்டது, மாடியில் மெஷின் ஓடியது. காலையில் ரேடியோ வகுப்புக்குப் போய்விட, ஜட்ஜய்யாவும் மூத்தவளும் மாடியில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். அவன் குடத்தைக் காட்டுவான். "காட்டினா? எனக்குக் கண்ணு தெரியாது. கேளு," என்பாள். பையக்கா சொன்னதைக் கீழ்வீட்டுக்காரியைவிடக் கறாராகச் செய்தாள். வீம்புக்குச் செய்கிற வேலையில் குறை வைப்பாளா அவள்?

போன வாரம் இளையவளுக்கு விடுமுறை. கீழே வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஜட்ஜய்யா அவளைத் தாண்டி, படியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினான். மாடிக் கதவு சாத்தியிருந்தது. தட்டினான். திறக்கவில்லை. இன்னொரு முறை தட்டிவிட்டுக் கூப்பிட்டான்.

"பெம்மா!"

பெரியம்மாதான். இளையவளின் கை துணியோடு அப்படியே நின்றது. பந்து, தண்ணி, பூனை, போ, வேணாம் என்று நிறையச் சேர்த்துவிட்டான் பிள்ளை. 'அம்மா' மட்டும் இன்னும் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் மெஷின் நின்றது. மூத்தவள் வாசலுக்கு வந்துவிட்டாள், கதவிடுக்கில் அவள் நிழல் எனக்குத் தெரிந்தது. ஆனால் தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"யாருப்பா அது?" என்றாள், கீழ்வாசல் வரைக்கும் கேட்கிற குரலில். "எனக்குச் சரியாக் கேட்கலை. இன்னும் சத்தமாக் கூப்பிடு."