சம்மதமா என்று கேட்டார்கள்

காரைக்காலிலிருந்து மலேசியாவின் மெர்போக்கிற்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆறு வருடத்தில் ஷாமளா தன் பாஸ்போர்ட்டை எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறாள். மனைவியாக இந்த நாட்டில் இருக்க அனுமதி உண்டு. வேலை செய்யத் தடை என்று அதே பக்கத்தில் முத்திரையும் உண்டு. அவளோ ஆரி வேலை தெரிந்தவள். கல்யாண ரவிக்கையில் அவள் வைக்கும் மயிலைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் போனதில்லை. ஆனால் கூலிக்கு ஓர் ஊசி குத்தினாலும் குற்றம்.

சுங்கைப்பட்டாணியில் துணிக்கடை வைத்திருக்கும் சைதூன் அக்காதான் வழி சொன்னாள்.

"வெளிநாட்டுப் பொண்டாட்டிங்க சொந்தமா தொழில் செய்ய பெர்மிட் கேக்கலாம்மா. புருசன் கூட வந்து சைன் போடணும், அவ்ளோதான் லா. என் கடை முன்பக்கம் ஒனக்கு எடம் தரேன்."

வசந்தன் மறுக்கவில்லை. செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுநர் அவன், பேச்சு குறைவு. விண்ணப்பப் பாரங்களை அவனே நிரப்பினான். கல்யாணச் சான்றிதழை நகலெடுத்து வந்தான்.

அலோர்ஸ்டார் குடிநுழைவு அலுவலகத்தில், கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா தாள்களையெல்லாம் பார்த்துவிட்டு ஷாமளாவிடம் சிரித்தார். பிறகு வசந்தனிடம், மனைவி தொழில் செய்ய உங்களுக்குச் சம்மதம்தானே என்று மலாயில் கேட்டார்.

பேனா அவன் கையில் இருந்தது. தலை நிமிராமல் சொன்னான்.

"தக் செத்துஜு."

சம்மதமில்லை. அந்த அளவு மலாய் ஷாமளாவுக்குத் தெரியும். அந்த அம்மா மறுபடி கேட்டார். அவன் அதையே மறுபடி சொன்னான்.

திரும்பும் வழியில் கார் குரூண் ஊரைத் தாண்டியபோதுதான் அவள் கேட்டாள்.

"ஏங்க?"

"கையில காசு வந்தா நீ போயிருவ."

"நான் எங்கங்க போவேன்?"

"புள்ள தவறுனப்போ போனல்ல. எட்டு மாசம் அங்கேயே இருந்த."

"அம்மா வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தேனே!"

"விசா முடியப்போவுதுன்னு வந்த."

அந்த எட்டாவது மாதம் காரைக்காலுக்குப் போன் செய்த வசந்தன், "வீடு சத்தமே இல்லாம கெடக்கு ஷாமளா" என்று சொல்லிவிட்டு அழுதான். மறுநாளே அவள் டிக்கெட் போட்டாள். அதற்காகத்தான் வந்தேன் என்று அவனிடம் சொன்னதில்லை; தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். இப்போதும் அதைச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தவன், ஒரு முத்திரைக்காகத்தான் இவள் இங்கே கிடக்கிறாள் என்றல்லவா எண்ணியிருக்கிறான்!

"மனசு மாறுவான், பொறும்மா" என்றாள் சைதூன் அக்கா.

மாறவும் செய்தான். மூன்றாவது வாரம் லாரிக்குப் போகாமல் அவள் முன்னால் வந்து நின்றான்.

"வா, இன்னிக்கே போய் சைன் போட்டுடறேன். நான் செஞ்சது தப்பு லா."

"போட்டுட்டு? நான் கடையிலேருந்து வர்ற வரைக்கும் தெனம் ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. பஸ் அரைமணி லேட்டானா ஓடிப்போயிட்டாளோன்னு நெனப்பீங்க. என்னால முடியாதுங்க. நான் ஊருக்கே போறேன்."

"போவாத ஷாமளா."

"நம்ம புள்ளையப் பொதச்ச மண்ணு இங்கதான் இருக்கு. அத விட்டுட்டுப் போக எனக்கென்ன ஆசையா?"

அதன்பின் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விசா முடியப் பதினோரு நாள் இருக்கும்போது பினாங்கு விமான நிலையத்துக்கு அவனே காரோட்டி வந்தான். பெட்டியை இறக்கிக் கொடுத்தான்.

"நான் வந்து கூப்ட்டா வருவியா?"

"தெரியலங்க" என்றாள் அவள். அது நிஜம்தான்.

சோதனை வரிசையில் நின்றவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் வசந்தன் தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனிடம் ஓடிவிடலாம் போல் இருந்தது அவளுக்கு. பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். அவள் நகர்ந்தாள்.