யூரியாக் குழாய்

வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் லவினா மதிக்கக்கூடிய ஆள் என்று எவரும் இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட மட்டும் வருபவர். கூட வேலை செய்யும் அனுஷியா விதிப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ஊர்பவள். கவுண்டரில் மலப் போத்தலை நீட்டுபவர்களை லவினா நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

முதலாளி பரிசோதனைக்கு அனுப்பிய கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக்கடைச் சமையல்காரர் கிளெமென்றை மட்டும் பார்த்தாள். நகங்களில் மஞ்சள் ஏறியிருந்தது. அழுக்கு ஆள் என்று முடிவுகட்ட அவளுக்கு அது போதும். மூன்றாம் நாள் காலை, அவருடைய வளர்ப்புத் தட்டில் கிருமி கரும்பொட்டாக முளைத்திருந்தது. சால்மொனெல்லா, சாப்பாட்டில் பரவும் வயிற்றுநோய்க் கிருமி. இந்த ஆளின் குடலில் வேறென்ன இருக்கப்போகிறது?

"யூரியா போட்டுப் பார்ப்பமே," என்றாள் அனுஷியா. "புரோட்டியஸ் கிருமியும் இப்பிடித்தானே கறுக்கும்."

"நீங்க போட்டுக்கொண்டு இருங்கோ. எனக்குக் கண் இருக்கு."

கடை முதலாளி ஒஸ்வால்டுக்கு அவளே தொலைபேசியில் அறிவித்தாள். கிளெமென்ற் உடனேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

பிற்பகல் அனுஷியா ஒரு சிறு குழாயைக் கொண்டுவந்து லவினாவின் மேசையில் வைத்தாள். காலையில் மஞ்சளாக இருந்தது, இப்போது கடும் இளஞ்சிவப்பு. யூரியாவை உடைக்கும் நொதியம் புரோட்டியசிடம் உண்டு, சால்மொனெல்லாவிடம் இல்லை. புரோட்டியஸ் எவருடைய குடலிலும் சும்மா கிடக்கக்கூடியது, லவினாவின் குடலிலும். அனுஷியாவின் முகத்தில் வெற்றிச் சிரிப்பைத் தேடினாள். அது இல்லாததுதான் அவளை இன்னும் எரித்தது.

ஒஸ்வால்டை மறுபடி அழைத்தாள்.

"காலையில கிருமி எண்டீங்க, இப்ப இல்லை எண்டுறீங்க. றோட்டு முழுக்கக் கதை போயிற்று, மிஸ். ஆர்ட பிழை?"

மெஷின்ட பிழை என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அப்படியொரு மெஷின் அங்கே கிடையாது.

"என்ட பிழை."

ஒஸ்வால்ட் சிரித்தார். அவள் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. "அப்ப கடை வாசல்ல ஒட்ட ஒரு கடிதம் தாங்கோ, உங்கட பெயரோட. இல்லாட்டி அவன்ட சோத்தை ஒருத்தரும் தின்னமாட்டாங்க. நானும் அவனைத் திரும்ப வேலைக்கு எடுக்கமாட்டன்."

முதல் கடிதத்தில் 'ஆய்வுகூடத்தின் தவறு' என்று எழுதிக் கிழித்தாள். அடுத்ததில் 'ஏற்பட்டுவிட்ட தவறு'. அதையும் கிழித்தாள். மூன்றாவதில்தான் 'நான்' வந்தது.

அதை அனுஷியாவிடம் நீட்டினாள். அவள் தன் வழக்கப்படி இரண்டு தரம், ஆறஅமர வாசித்தாள். லவினா நின்றுகொண்டிருந்தாள், கவுண்டரில் போத்தலை நீட்டிவிட்டுக் காத்திருப்பவரைப் போல.