நாலு மணிக்குப் போகவிருந்த கிட்டார்

“சுட்டா கத்த மாட்டியா நீ?” என்று அவன் கேட்டான். “கத்துனா சூப்பர்வைசர் வந்துருவான்லா, பழகிப்போச்சு” என்று அவள் சொன்னாள். “இங்க சூப்பர்வைசர் இல்லயே, நான்தான இருக்கேன்.” “அப்படினா உங்களுக்காக ஒரு தடவ கத்தட்டுமா?”... எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், புஷ்பலதாவுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, முப்பது வருடம் ஆகிவிட்டது, சுங்கை சிப்புட் தோட்டத்து மண்டபத்தின் பின்பக்கம், மேடையேறப் பத்து நிமிடம் இருக்கையில் யுகேந்திரனின் சிவப்புக் கிட்டார் திடீரென்று ஊமையாகிவிட, யாரோ ஓடிப்போய் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் இவளை லயத்து வீட்டிலிருந்து கூட்டி வந்தார்கள், பாவாடையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து உள்ளே அறுந்திருந்த கம்பியை ஒட்டிக் கொடுத்தாள், உருகிய ஈயம் விரலில் சொட்டியது, அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தைப்பூசத்துக்குள் கல்யாணம்.

அதே சிவப்புக் கிட்டார்தான் இப்போது புந்தோங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மடித்த துண்டின்மேல் கிடக்கிறது, மணி இரண்டேகால், நாலு மணிக்கு ஷான் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார், தஞ்சோங் மாலிமில் இசை சொல்லிக்கொடுக்கிறவர், நல்ல மனிதர்தான், ஃபோனில் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். காலையில் ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தபோது லாரி எஞ்சின் போல ஒரே இரைச்சல், “இந்தச் சத்தத்தோட குடுத்தா அசிங்கம் லதா, ஒரு தடவ பாத்துரு” என்று சொல்லிவிட்டு யுகேந்திரன் வருகிறவருக்குக் கறிபாப் வாங்கப் போயிருக்கிறார், இருக்கிற ஒரு கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பலகாரம் வேறு... சரி, முதலில் இரைச்சல். திறப்பதற்கு முன்னால் தேடு, ஃபேக்டரியில் அதுதான் பாடம். சாமி மேடையில் மினுக்கிக்கொண்டிருக்கும் சீரியல் பல்பு, போன வருடம் அதுதான் குற்றவாளி, மன்னிச்சிரு முருகா என்று அணைத்தாள், இரைச்சல் நிற்கவில்லை, மின்விசிறி, மீன்தொட்டி மோட்டார், இல்லை. கேபிளை மாற்றினாள், அதுவும் இல்லை. கிட்டாரைக் கழற்றினால் ஆம்ப் கப்சிப், அப்படியென்றால் நோய் கிட்டாருக்குள்தான். தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள், வைத்தால் இரைச்சல் அடங்க வேண்டும், அடங்கவில்லை, கேபிள் முனையின் உலோகத்தைத் தொட்டாள், சட்டென்று அடங்கியது. ஓ, அவ்வளவுதானா, தந்திகள் போய் முடியும் தகட்டுக்கு அடியில் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

ஐந்து நிமிடம்... இப்படி எத்தனை ஐந்து நிமிடம், ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும், லதா அக்கா தொட்டா சரியாயிரும் என்பார்கள், அவளும் தொடுவாள், சரியாகும், அவர்கள் மேடையேறுவார்கள், அவள் பக்கத்து வீட்டு மாரியம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவாள். ஒரே ஒரு முறை, மூத்தவள் சாந்தினி தவழ்ந்துகொண்டிருந்த வருடம், வீட்டில் ஒத்திகை, பழுது பார்த்த கிட்டாரின் வாரைத் தோளில் போட்டுக்கொண்டு “எனக்கும்...” என்று ஆரம்பித்தாள், டிரம்ஸ் அடிக்கிற பத்துமலை குதித்து எழுந்தான், “அலாமாக்! அக்கா கிட்டார் எடுத்தா நாங்கள்லாம் சேல கட்டிக்கிட்டு ஆட வேண்டியதுதான் மச்சான்!” வீடே சிரித்தது, அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அவர் சிரித்தாரா? சிரித்த மாதிரியும் ஞாபகம் இருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டு சுருதி சேர்த்த மாதிரியும் ஞாபகம் இருக்கிறது.

தகட்டைக் கழற்றினாள், கம்பி துருப்பிடித்து ஒதுங்கிக் கிடந்தது. இப்படியே விட்டுவிட்டால்? தெரியலங்க, கண்டுபிடிக்க முடியலங்க என்று ஒரு வார்த்தை, ஷான் காதைப் பொத்திக்கொண்டு வந்த வழியே போய்விடுவார், கிட்டார் அலமாரிக்கு மேலேயே இருக்கும்... ஃபேக்டரியில் பத்தொன்பது வருடத்தில் அவள் கைபட்ட ஒரு போர்டு கூடத் திரும்பி வந்ததில்லை, இப்போது போய் வேலை தெரியாத மாதிரி நடிப்பதா? சே. யுகேந்திரனுக்கு மட்டும் இதைக் கொடுக்க ஆசையா என்ன, இனிப்பு நீர் வியாதி வந்து இடது கை விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன, தந்தி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று ஒரு நாள் சொன்னார், அப்புறம் இவள் முகத்தைப் பார்க்காமல், “சும்மா கெடந்து என்னா பண்ணப் போவுது, வாசிக்கிறவங்க கையில இருக்கட்டும்லா.” வாசிக்கிறவங்க... அந்த வீட்டில் வேறு யாரும் வாசிக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துருவைச் சுரண்டினாள், ஈயத்தை உருக்கினாள், முத்துப் போல உட்கார்ந்தது.

கேட் திறக்கும் சத்தம், கறிபாப் வாசம். “என்னா லதா, ஆஸ்பத்திரி கேஸ் பொழைச்சிக்கிச்சா?” என்றபடி ஆம்பைப் போட்டார், இரைச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. மரத்த விரல்களால் ஒரு கார்ட் பிடித்தார், பாதி தந்திகள் ஒலித்தன, பாதி அடைத்துக்கொண்டன, கேட்காதது போல உதட்டைப் பிதுக்கிச் சிரித்தார். “நீ தொட்டா போதும். ஷான் கோப்பேங் தாண்டிட்டாராம், பையில போட்டுருவோமா?” என்று அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். பையின் ஜிப்பைத் திறந்தாள். பத்துமலை சிரித்தது ஒரே ஒரு நாள், போய்ச் சேர்ந்தும் விட்டான் பாவம், மற்ற நாளெல்லாம் இவள் வாயை மூடிக்கொண்டிருந்தது யாருக்குப் பயந்து? கேட்டிருந்தால் இந்த மனிதர் மாட்டேன் என்றிருப்பாரா? கேட்காமலேயே அவராகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்தாளா, அவர் பாட்டுக்கு இவளுக்குப் பழுது பார்ப்பதுதான் பிரியம் என்று முப்பது வருடமாய் நினைத்துக்கொண்டிருந்தாரா...

“என்னா லதா, நின்னுட்ட? நேரமாவுதுலா.”

“என்னாங்க... அவருக்கு ஃபோனப் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க. எனக்கு வாசிக்கச் சொல்லிக் குடுங்க.”