கறுத்துப்போன செம்பு

வறண்ட ஓடையில் தீ வைத்தது யாரென்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஃபஹ்மியின் வீட்டைத்தான் கைகாட்டும். காலமெல்லாம் அங்கே கம்பி எரித்தவன் அவன். எல்லை மதிலுக்கு அப்பாலிருந்து வந்து குவிகிற பழைய கணினி, தொலைபேசி, மின்கம்பி எல்லாவற்றையும் கொளுத்தி, பிளாஸ்டிக் உருகிப் போனபின் மிஞ்சும் செம்பைப் பொறுக்கித்தான் கலீல் நகருக்கு மேற்கே அந்த ஊரில் பாதி வீடுகளில் சமையல் நடந்தது. எரிக்காமலே செம்பைப் பிரிக்க ஊரார் வாங்கிய அரவை இயந்திரம் வந்த அன்று, இனித் தீக்குச்சி தொடமாட்டேன் என்று ஊர்முன்னால் ஃபஹ்மி வாக்குக் கொடுத்தான். தொடவுமில்லை.

தொட்டது ஜவ்தத். அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பாளனே அவன்தான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. கம்பியைப் போட்டால் நறுக்கிப் பொடியாக்கி, ஆடுகிற சல்லடைத் தட்டில் கொட்டும். கீழிருந்து காற்று ஊதும். களத்தில் கோதுமை தூற்றுவதுபோல லேசான பிளாஸ்டிக் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், கனமான செம்பு மறுபக்கம் பளபளவென்று விழும். தலைமுடி மாதிரி மெல்லிய தொலைபேசிக் கம்பி வந்தால்தான் வம்பு. செம்பும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பறந்துவிடும். சல்லடையை மாற்றி, காற்றைத் தணித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அதுவும் பிரியும். அதற்குப் பொறுமை வேண்டும். ஜவ்தத்துக்கு இருந்ததெல்லாம் வாய்தான். “என் மெஷின் ஒரு பொட்டு செம்பைக்கூட விடாது” என்று பள்ளிவாசல் வாசலில் மார்தட்டியவன், பிளாஸ்டிக் வாங்குகிறவர் “உள்ள செம்பு மினுங்குதேப்பா” என்று மூட்டையைத் திருப்பி அனுப்பியதும் சுருண்டு போனான். மெல்லிய கம்பிகளை மட்டும் ஒதுக்கி, விடிகாலையில் ஓடைக்குத் தூக்கிப்போய்க் கொளுத்தினான். கறுத்துப்போன செம்பை மற்ற கம்பியோடு கலந்து இயந்திரத்திலேயே போட வைத்தான்.

கம்பி போடுகிற வேலை இப்போது ஃபஹ்மியுடையது. அவன் சல்லடைத் தட்டைக் குனிந்து பார்த்தான்.

“என்னண்ணே, செம்பு இப்படிக் கறுத்திருக்கு?”

“பழைய கம்பிடா. களிம்பு ஏறியிருக்கு. நீ உன் வேலையப் பாரு.”

ஃபஹ்மி தன் வேலையைப் பார்த்தான்.

காற்று அன்றைக்கென்று பார்த்துத் திசை மாறியிருந்தது. ஊர்ப் பெரியவர் அபூ ரஷ்வானின் திராட்சைத் தோட்டம் முழுக்கக் கரி. பிஞ்சுக் காயைத் தொட்டால் விரல் கறுத்தது. “தீக்காரன் மறுபடி ஆரம்பிச்சிட்டான்” என்று ஊரே பேசியது. கொடுமை என்னவென்றால், அபூ ரஷ்வான் தன் தம்பி மகனுக்கு ஃபஹ்மியின் மகள் ஹனாதியைப் பெண் கேட்டு வருவதாக இருந்ததும் அதே வாரம் வெள்ளிக்கிழமைதான்.

சொன்னபடியே உறவுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பெரியப்பா முறை என்பதால் ஜவ்தத் பெண் வீட்டுப் பக்கம், ஃபஹ்மிக்கு அடுத்து உட்கார்ந்திருந்தான். ஃபஹ்மியின் தம்பி எல்லாருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தான். அபூ ரஷ்வான் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். கேட்டது கிடைக்காமல் குடிக்கக் கூடாது, அதுதான் வழக்கம். கூட வந்தவர்களும் வைத்தார்கள்.

“பொண்ணு கேக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும், ஃபஹ்மி. ஓடையில எரிஞ்சது நீ வெச்ச தீயா?”

ஃபஹ்மி ஜவ்தத்தின் பக்கம் திரும்பவே இல்லை. தெரியாதவனாக இருந்தால் திரும்பியிருப்பான். கறுத்த செம்பைப் பார்த்த அன்றே இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஜவ்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லு, சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“யாரு வெச்சதுன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?” என்று ஃபஹ்மி கேட்டான்.

“மெஷின் சரியில்லாம தீ வெச்சாங்கன்னா மெஷின் கொட்டகையப் பூட்டிற வேண்டியதுதான். எரிக்கக் கூடாதுன்னுதானே அதை வாங்கி வெச்சோம்? உன் பழைய புத்தின்னா, அது உன்னோட போச்சு.”

அந்தக் கொட்டகையை நம்பி எத்தனை வீடு! ஃபஹ்மி தரையைப் பார்த்தான்.

“பழைய புத்திதான், அபூ ரஷ்வான். நான்தான் வெச்சேன்.”

“வாக்குத் தவறின வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கறதில்ல.”

அவர் எழுந்தார். எல்லாரும் எழுந்து போனார்கள். காபி அப்படியே கிடந்தது. ஒரு வீட்டுக்கு அதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்? ஃபஹ்மி வாசல் வரைக்கும் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

ஹனாதி தட்டோடு வந்தாள். அழுத முகம். நிரம்பிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். ஜவ்தத்தின் கோப்பை மட்டும் காலியாக இருந்தது. வாய் வறண்ட பயத்தில் அதை எப்போது எடுத்துக் குடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“நீங்களாச்சும் குடிச்சீங்களே, பெரியப்பா” என்றாள்.

குத்திக்காட்டவில்லை அந்தப் பெண். நன்றியாகத்தான் சொன்னாள்.

ஜவ்தத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா! செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான்.

“அபூ ரஷ்வான்! நில்லுங்க! அவன் பொய் சொல்றான். தீ வெச்சது நான். மெஷின் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் பொறுமை இல்ல. அல்லாஹ்மேல ஆணையா நான்தான்!”

மாடிகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அபூ ரஷ்வான் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“உள்ள உக்காந்திருந்தியே, அப்ப உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

அவர் அவனைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே போய், குனிந்து ஃபஹ்மியின் தலையில் முத்தமிட்டார். மறுபடி எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெண் கேட்டார்கள். “உங்க பொண்ணுதான்” என்றான் ஃபஹ்மி. உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

ஜவ்தத் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. சூடான காபி சுற்றி வந்தது. கடைசியில் தட்டில் ஒரு கோப்பை மிஞ்சியது. ஃபஹ்மியின் தம்பி அதை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான், பிறகு அண்ணனைப் பார்த்தான்.

“எல்லாருக்கும் வந்தாச்சு. அதை உள்ள கொண்டுபோ” என்றான் ஃபஹ்மி.

ஜவ்தத் குனிந்து, அத்தனை செருப்புகளுக்கு நடுவில் தன்னுடையதைத் தேடினான்.