டெனீஸ் வீட்டு வார இறுதிகள்

பள்ளி விட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் வரிசை கட்டி நின்ற வண்டிகளுக்கு நடுவே மெரின் தன் காரை அணைத்துவிட்டு, பழைய செல்போனைக் காதில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை அதில் பதிவை ஓடவிட்டு மகளின் துணிப்பைக்குள் ஒளித்து, அவளை அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். திருட்டுத்தனம்தான். பெற்றவளுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

ஆறு வயது டில்லிக்கு அப்ராக்சியா. சொல்ல நினைப்பது மனதில் இருக்கும், வாய்க்குத்தான் வழி தெரியாது. மூன்று வருடப் பயிற்சியில் ஒவ்வொரு சொல்லாக மெரின் கட்டி எழுப்பிய பேச்சு அது. ஒலி தவறினால் மெரின் தன் மோவாயில் விரல் வைப்பாள். டில்லி அவள் உதட்டைப் பார்த்து, சரியாக வரும்வரை திரும்பச் சொல்வாள். இரண்டு மாதமாக அந்தப் பேச்சில் திக்கல் விழுந்திருக்கிறது. அப்பா ராஸ் வீட்டுக்குப் போய்வரும் ஞாயிறுகளில் அது அதிகம். பேச்சு நீளும்போது சில பிள்ளைகளுக்குத் திக்கும், அப்போது திருத்தாமல் காத்திருங்கள் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னதை மெரின் நம்பவில்லை. ராஸோடு இப்போது டெனீஸ் என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் அதட்டாமல் பிள்ளைக்கு ஏன் திக்க வேண்டும்? கேட்டதற்கு ராஸ், "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத" என்றான். சனி ஞாயிறுகளை நிறுத்தச் சொல்லி வக்கீலுக்கு அனுப்பக் கடிதமும் எழுதி வைத்திருந்தாள். சாட்சிதான் பாக்கி.

பதிவில் பாத்திரம் கழுவும் சத்தம். பிறகு டெனீஸிடம் கதை சொல்லும் டில்லியின் குரல்.

"கோ கோ கோ கோழி உன் பூட்ஸ்ல முட்டை போ... போட்டிருக்கு. நா... நான் கால விட்டேன்."

அதட்டல் எப்போது வரும் என்று மெரின் காத்திருந்தாள். வரவில்லை. டில்லி நாலு நிமிடம் திக்கித் திக்கிப் பேசினாள். உடைந்த முட்டை, நாறிய காலுறை, அப்பா ஓடிய ஓட்டம். இவ்வளவு நீளமாக அவள் பேசி மெரின் கேட்டதே இல்லை.

"அம்மாட்ட இத சொல்லணும், சிரிப்பாங்க" என்றாள் டெனீஸ்.

"ம்ஹூம். அ... அம்மாட்ட சின்னதா மட்டும்தான் சொல்லுவேன். பெ பெ பெரிசா சொன்னா மறுபடி சொல்லணும்."

பள்ளி மணி அடித்து, காரின் பின்கதவு திறந்தது. டில்லி பின்சீட்டில் ஏறி, மூச்சு வாங்க, "அம்மா, இன்னிக்கு வி வி வி..." என்று நின்றாள். மெரினின் விரல் தானாக மோவாய்க்குப் போயிருந்தது.

டில்லி அதைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போலாம்" என்றாள், ஓர் எழுத்துகூடச் சறுக்காமல்.

முன்னால் வரிசை நகர்ந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். மெரின் விரலை இறக்கி, சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, மகளைப் பார்த்தபடி இருந்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாக அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின.